ஆறாத புண்ணோடு இருக்கும் முதியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது: புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் ஆச்சிக்கு ஆறு வாரம் கட்டுப் போட்டேன். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்கு நேர் கீழே இருக்கும் மேட்டில் புண். சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தது. மாத்திரை தவறவில்லை. நான் ஒரு நாளும் தவறாமல் கழுவிக் கட்டினேன். ஆறாவது வாரம் அளந்தபோதும் அதே 2.5 சென்டிமீட்டர்.

ஒரு நாள் காலையில் போக முடியாமல், மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். பட்டாலையில் (கூடத்தில்) ஆச்சி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் மெதுவாக ஆடியது. ஒவ்வொரு முறை முன்னால் வரும்போதும் அந்த வலது கால் மேடு ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றி ஓர் உந்து உந்தியது. வெள்ளைக் கட்டின் அடிப்பக்கம் அந்த இடத்தில் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருந்தது. சாப்பிட்ட பிறகு கண் அயரும்வரை தினமும் இரண்டு மணி நேரம் இப்படித்தான் என்றார் சமையல்கார அம்மா. ஆச்சிக்கு அந்தப் பாதத்தில் உணர்ச்சி இல்லை, அதனால் வலிக்கவும் இல்லை.

அன்றே பக்கத்துத் தூணில் ஒரு கயிற்றைக் கட்டி, கையால் இழுத்து ஆடும்படி செய்தோம். மருத்துவரிடம் காட்டி, முன்பாதத்தின் மேல் எடை விழாத செருப்பு ஒன்றும் வாங்கினோம். கட்டுத் துணியும் மருந்தும் பழையவையே. நான்கு வாரத்தில் புண் பாதியானது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வீட்டு மருமகளாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்து தங்கும் பேத்தியாக இருக்கலாம், ஏஜென்சி வழியாக வரும் உதவியாளராக இருக்கலாம். எல்லோருக்கும் நான் முதலில் இந்த ஊஞ்சலைத்தான் சொல்கிறேன். கட்டு மாற்ற இருபது நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் அந்தக் கால் எங்கே அழுந்துகிறது, வயிற்றுக்குள் என்ன போகிறது, இரவில் எந்தப் பக்கம் படுக்கிறார் என்று கண் வைத்திருக்க வேண்டும்.

எங்கே புண், ஏன் புண்

நான்கு வாரம் ஒழுங்காகப் பராமரித்தும் சிறுத்துவராத புண்ணை ஆறாத புண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு என்ன காரணம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ஆனால் புண் இருக்கும் இடமே பாதி விஷயத்தைக் காட்டிக் கொடுக்கும்.

உள்ளங்காலில், சுற்றிலும் தடித்த தோலோடு, வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் சர்க்கரையால் நரம்பு மரத்த புண். கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்பக்கம், ஆழமில்லாமல் நீர் கசிந்துகொண்டு, சுற்றித் தோல் கருத்து, கால் வீங்கியிருந்தால் இரத்தம் மேலே திரும்பாத புண். நரம்புச் சுருட்டு உள்ளவர்களுக்கு வருவது இது. விரல் நுனியில் அல்லது குதிகாலில், கால் சில்லிட்டு, புண் வறண்டு கறுத்து, ராத்திரியில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றால், இரத்தம் கீழே வந்து சேரவில்லை. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் இருந்தால் படுக்கைப் புண்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? வீக்கக் காலை உயர்த்தி வைத்து, இறுக்கமான கட்டுப் போட்டால் புண் ஆறும். அதே இறுக்கமான கட்டை இரத்தம் வராத காலில் போட்டால் காலே போகும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடும் சோதனையை மருத்துவர் செய்து, சரி என்று சொன்ன பிறகே அழுத்தக் கட்டு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்று யாரும் சுற்றிவிட அனுமதிக்காதீர்கள்.

வீட்டை மாற்றி அமைப்பது

செட்டிநாட்டு வீடு கல்யாணத்துக்கும் சாந்திக்கும் (அறுபதாம், எண்பதாம் கல்யாணம்) கட்டிய வீடு. முகப்பிலிருந்து கடைசிக் கட்டு (வீட்டின் பின்பகுதி) வரை ஒரு தெரு நீளம் இருக்கும். கழிப்பறை பல வீடுகளில் கடைசியில்தான். இடையில் உயரமான நிலைப்படிகள், வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி வழுவழுப்பான கல். எழுபது, எண்பது வயதில், ஒரு காலில் கட்டோடு, இரவு இரண்டு மணிக்கு அந்தத் தூரம் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வேலையாகக் கட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கமாகக் கொண்டுபோங்கள். அது முடியாவிட்டால் கமோடு நாற்காலி ஒன்றைக் கட்டிலோரம் போடுங்கள். 'நடு வீட்டில் அதுவா' என்று முகம் சுளிப்பார்கள். ஒரு திரைச்சீலை கட்டிக் கொடுத்தால் இரண்டு நாளில் பழகிவிடும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வரப்போவது படுக்கைப் புண்.

கட்டு மாற்ற வெளிச்சம் வேண்டும். உள்ளறைகளில் பகலிலும் இருட்டு. வளவின் ஓரத்துக்கு வந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் மேலே திறந்த வானம், புறா, ஈ, தூசி. வளவை ஒட்டிய அறையில் கதவருகே கட்டிலைப் போட்டு, கொசுவலை கட்டிக்கொள்வதுதான் நான் கண்ட நல்ல ஏற்பாடு. கட்டைப் பிரிக்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

செருப்புப் பேச்சு தனியாகச் சொல்ல வேண்டியது. வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் கால் மரத்தவர் வெறுங்காலோடு ஓர் அடியும் வைக்கக் கூடாது. மரத்த காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு புதிதாக ஒரு ஜோடி வாங்கி, அது வாசல்படி தாண்டாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியே போகாத செருப்பில் என்ன தீட்டு என்று கேட்டால் பெரும்பாலான ஆச்சிமார்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சாமி அறைக்கு மட்டும் கழற்றுகிறேன் என்றால், அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி கும்பிடச் சொல்லுங்கள். மத்தியான வெயிலில் வளவுத் தரையும் கோயில் பிரகாரமும் கொதிக்கும். கால் மரத்தவருக்குச் சுட்டது தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் சொல்லும். புண் திறந்திருக்கும்வரை பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் போனால் சக்கர நாற்காலியில்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் ஐயாக்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது: இந்த வருஷம் காவடியை மகன் எடுக்கட்டும்.

கட்டு மாற்றும் முறை

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த மருந்து என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். எழுதி வாங்குங்கள். சிங்கப்பூரிலிருக்கும் மகன் ஒன்று, சென்னையிலிருக்கும் மகள் ஒன்று, மருந்துக் கடைக்காரர் ஒன்று என்று வாரம் ஒரு களிம்பு மாறிய புண்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு மருத்துவர், ஒரு சீட்டு.

வலி உள்ளவர் என்றால், சீட்டில் இருக்கும் வலி மாத்திரையை முக்கால் மணி நேரம் முன்னதாகக் கொடுங்கள். எவர்சில்வர் தட்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதில் காஸ் (வலைத்துணி), கையுறை, சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்), ரோலர் பேண்டேஜ், ஒட்டும் டேப், கத்தரிக்கோல், குப்பைப் பை எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு உட்காருங்கள். நடுவில் எழுந்து பீரோவைத் திறக்கும் கைதான் கிருமியைக் கொண்டுவருகிறது. சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவுங்கள். மோதிரம், வளையல் வேண்டாம்.

பிறகு கேளுங்கள்: "ஆச்சி, கட்டைப் பிரிக்கலாமா?" அந்த ஒரு கேள்வியை விட்டுவிடாதீர்கள். நாலு கட்டு வீட்டை ஆண்டவர், இன்று அந்நியர் ஒருவரிடம் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். இடுப்புப் பக்கம் புண் என்றால் கதவைச் சாத்தி, தேவையான இடம் தவிர மற்றதைப் போர்த்திவிடுங்கள்.

கையுறை போட்டுப் பழைய கட்டைப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சலைனை ஊற்றி ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானே விட்டுவிடும். இழுத்தால் ஒரு வாரமாக வளர்ந்த புதுத் தோலும் கூடவே வந்துவிடும். பிரித்த துணியைச் சுருட்டி எறியும் முன் பாருங்கள்: எவ்வளவு ஊறியிருக்கிறது, நிறம் என்ன, வாடை மாறியிருக்கிறதா. அந்தக் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதியது போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு சலைன் போதும். கடையில் கிடைக்கவில்லையென்றால், அரசு மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, 1 லிட்டர் கொதிக்க வைத்த தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து, மூடி ஆறவிட்டு, அன்றைக்கே பயன்படுத்தலாம். மறுநாள் வைக்காதீர்கள். புண்ணின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவிக்கொண்டு வாருங்கள். வெளியே தொட்ட காஸ் மறுபடி உள்ளே போகக் கூடாது. சுற்றியுள்ள நல்ல தோலை ஒற்றி உலர்த்துங்கள். விரல் இடுக்கு மறக்க வேண்டாம்.

ஸ்பிரிட், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு புதிதாக முளைக்கும் சதையையும் கொல்லும். மஞ்சள் தூள், காப்பித் தூள், திருநீறு, பற்பசை ஆகியவற்றை அன்போடு போட்டுவிடுகிறார்கள். சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கியது கிடையாது. அது காய்ந்து பொருக்காகி அடியில் சீழை மூடி வைக்கும். நமக்குப் புண்ணின் நிறமும் தெரியாது.

'புண்ணைக் காற்றாடத் திறந்து வை, காயட்டும்' என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்து காட்டினார்: ஈரம் காக்க மூடிய காயத்தில் புதுத் தோல், காயவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. புண் ஊறி வெளுத்துப் போகவும் கூடாது, காய்ந்து பொருக்குத் தட்டவும் கூடாது. கண்ணின் உட்புறம்போல் மெல்லிய ஈரம் இருந்தால் சரி. கறுத்துக் காய்ந்த விரல் மட்டும் இதற்கு விலக்கு. இரத்தம் வராத காலின் கறுத்த பகுதியை நனைக்காமல் உலர்வாக வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பஞ்சை நேராகப் புண்மேல் வைக்காதீர்கள், இழை ஒட்டும். குழிவான புண்ணில் காஸைத் தளர்வாக வையுங்கள். திணித்தால் உள்ளேயே அழுத்தம் உண்டாகும். காலில் சுற்றும்போது விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, விரல் நுனிகளை வெளியே விடுங்கள். அரை மணி நேரம் கழித்து அந்த நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டு நீலம் பாய்ந்திருந்தால் உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். முதியவர் தோல் வெங்காயச் சருகு மாதிரி, டேப்பைத் தோலில் ஒட்டாமல் கட்டின்மேல் ஒட்டுங்கள்.

கழிவை இரட்டைப் பையில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடிச் சேர்த்துவையுங்கள்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நீளம், அகலம், நிறம், கசிவு, வாடை, வலி, அன்றைய சர்க்கரை. அளப்பது வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, கால் ஒரே நிலையில். வாட்ஸ்அப்பில் மருத்துவருக்குப் படம் அனுப்புவதானால் புண்ணின் பக்கத்தில் ஒரு காகித ஸ்கேலை வைத்து, ஒரே இடத்து வெளிச்சத்தில் எடுங்கள். மாதுளை முத்துகள்போல் சிவந்து மணிமணியாக இருந்தால் சதை வளர்கிறது. ஓரத்தில் இளஞ்சிவப்பாக மெல்லிய படலம் ஏறினால் தோல் மூடுகிறது. மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டியிருப்பதும் கறுப்பும் இறந்த சதை. அதை எடுப்பது மருத்துவமனையில், நம் கத்தரிக்கோலால் வேண்டாம்.

சர்க்கரைப் புண் நான்கு வாரத்தில் பரப்பளவில் பாதியாகக் குறைந்தால், பன்னிரண்டு வாரத்துக்குள் மூடும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. குறையவில்லையென்றால் வைத்தியத்தை மறுபடி யோசிக்கச் சொல்லி நோட்டோடு போய் நில்லுங்கள். மூன்று மாதம் தாண்டியும் ஓரம் தடித்துச் சுருண்டு வளரும் புண்ணில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும்படி கேளுங்கள். நாள்பட்ட புண் சில நேரம் புற்றாக மாறுகிறது.

அழுத்தத்தை எடுப்பது

படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். முழுதாகப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையம் வேண்டாம், அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. காற்று மெத்தை வாங்கினாலும் திருப்பிப் போடும் வேலை குறையாது.

மேலே இழுக்கும்போது அக்குளில் பிடித்து இழுக்காதீர்கள். தோல் பாயோடு உரசி உள்ளுக்குள் கிழியும். பழைய கண்டாங்கிச் சேலை இருக்கிறதே, துவைத்துத் துவைத்துப் பூவாகிப்போன பருத்தி, அதை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்துவிடுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் சேலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு உரசாமல் நகரும். மடிப்புச் சுருக்கம் மட்டும் கூடாது. சாய்வு நாற்காலியில் நாளெல்லாம் இருக்கும் ஐயாக்கள் மெல்ல மெல்லக் கீழே வழுக்குவார்கள். வால் எலும்புப் புண்ணுக்கு அந்த வழுக்கலே காரணம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றிச் சற்று எழும்பச் சொல்லுங்கள்.

நம் நிறத்தோலில் ஆரம்பச் சிவப்பு தெரியாது. குளிப்பாட்டும்போது எலும்புள்ள இடங்களை உங்கள் புறங்கையால் தடவுங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருநீலமாகவோ இருந்தால் அங்கே தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், எண்ணெய் போட்டு அமுக்காதீர்கள். அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்துங்கள்.

சாப்பாடு

இந்த இடத்தில் எனக்குக் கோபமே வரும். புண் என்றவுடன் முட்டையும் மீனும் நின்றுவிடுகின்றன. 'சீழ் வைக்கும்' என்கிறார்கள். கத்தரிக்காய் கரப்பான் என்கிறார்கள். கடைசியில் அந்த அம்மாவுக்கு மிஞ்சுவது ரசம் சாதமும் கஞ்சியும். சதை வளர வேண்டிய உடம்புக்குச் சதை கட்டும் பொருளைக் கொடுக்காமல் வைத்தால் எந்தக் களிம்பு வந்து ஆற்றும்?

புரதம் ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வேண்டும். 50 கிலோ எடை உள்ளவருக்குக் குறைந்தது 60 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே, 100 கிராம் மீனில் சுமார் 20. சைவம் என்றால் காலையில் பருப்புச் சேர்த்த அடை, பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பும் தயிரும், மாலையில் பால், இரவில் பனீர் என்று பகிர்ந்து கொடுங்கள். பல் இல்லாதவருக்கு மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். நெல்லிக்காயும் கொய்யாவும் தினமும் கொஞ்சம் இருக்கட்டும். கவுனி அரிசியும் பால் பணியாரமும் கந்தரப்பமும் விசேஷ வீட்டிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு வாய் ஆசைக்கு, அவ்வளவுதான்.

சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து இறங்கினாலோ உயிருக்கே ஆபத்து. திடீரென்று வியர்த்து, உளறி, கை நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை எதுவானாலும் இரத்தக் குழாயைச் சுருக்கும். வெற்றிலை போடும் ஆச்சிகளிடம் புகையிலையை மட்டுமாவது விடச் சொல்லிக் கெஞ்சுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது

புண்ணைச் சுற்றிய சிவப்பு அல்லது வீக்கம் ஒரே நாளில் பரவினால், வாடை மாறினால், புதிதாகக் கறுத்தால், அழுத்தும்போது தோலுக்கடியில் நறநறவென்றால், உள்ளே எலும்பு தட்டுப்பட்டால், புழு தெரிந்தால், காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் அன்றைக்கே மருத்துவமனை. முதியவருக்குக் கிருமி பரவினாலும் காய்ச்சல் வராமல் போகலாம். நேற்று வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று ஆள் தெரியாமல் பேசுகிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் அதுவே காய்ச்சலுக்குச் சமம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு வலி தணிப்பு உதவியும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண் 14567.

மூடிய பிறகு

புண் மூடியதும் எல்லோரும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஆறிய தோல் எவ்வளவு நாளானாலும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. சர்க்கரைக் கால் புண் ஆறியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி வருகிறது. அதனால் செருப்பைக் கழற்றக் கூடாது. அந்த இடத்தில் தோல் தடித்தால் பிளேடால் சீவாமல், மருத்துவமனையில் காட்டிச் சீவுங்கள். பித்தவெடிப்புக்குக் களிம்பு தடவலாம், விரல் இடுக்கில் வேண்டாம். கால் கழுவும் வெந்நீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஊஞ்சல் ஆச்சியின் வீட்டில் ஒரு கை அகலக் கண்ணாடி பட்டாலைத் தூணில் மாட்டியிருக்கிறது. தினமும் காலையில் குளித்தவுடன் அதை எடுத்துத் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு உள்ளங்காலையும் ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்க்கிறார். கண் சரியாகத் தெரியாத நாளில் சமையல்கார அம்மா பார்த்துச் சொல்கிறார். பார்த்ததும் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு கோடு போடுகிறார்கள்.